விமானமும் கையெழுத்தும்

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் ஏர் இந்தியா கம்பெனியின் ஏர்பஸ் விமானம் ஒன்று எட்டுத் தடவை பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டுத் தடவையும் அதனிடம் இருந்தே தீரவேண்டிய ஒரு காகிதம் இல்லை. பறக்கும் தகுதி உடையது என்று காட்டும் சான்றிதழின் தவணை முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்காமலே விமானத்தை ஓட்டிவிட்டார்கள். பிறகு கம்பெனியாரே விஷயத்தைச் சர்க்கார் இலாகாவுக்குத் தெரிவித்தார்கள். விமானம் தரையில் நிறுத்தப்பட்டது; விசாரணைக்கு உத்தரவாயிற்று.

“விபத்து ஒன்றும் நேரவில்லையே! ஒரு காகிதத்துக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் கரிசல் சீமையில் லாரி வைத்திருப்பவர்களுக்கு ‘எப். சி.’ என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. அந்த ஒரு நாளைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், திரும்பியதும் கழற்றிக் கொடுத்துவிடும் சாமர்த்தியசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. லாரி நடுவழியில் நின்றுவிட்டால் டிரைவர் கீழே இறங்குவார். வேப்பமர நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவார். ஆகாயத்தில் வேப்பமரம் இல்லை. ஆகவேதான் தரையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடவேண்டும் என்று விமானச் சட்டம் பிடிவாதம் செய்கிறது.

அந்தச் சட்டத்தின் போக்கைச் சற்றுக் கவனிப்போம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களையோ சாமானையோ ஏற்றிச் செல்லும் கம்பெனி எதுவாயினும், அதற்குச் சர்க்காரின் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும். பணமும் விமானமும் இருந்துவிட்டால் மாத்திரம் அது கிடைத்துவிடாது. விமானிகளின் பயிற்சி, அவர்களுடைய ஓய்வு நேரம், விமானத்தைப் பராமரிக்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். ரிப்பேர் செய்யும் தொழிற்சாலைக்கும் அவ்வாறே தனி அங்கீகாரம் உண்டு. எந்த மாதிரி விமானத்தில் எந்த வேலையைச் செய்யலாம் என்பது அந்த அங்கீகாரத்திலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு திருகாணியைக் கூடத் தொடக்கூடாது. முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பானருக்குக்கூடக் குறித்த தவணையில் பரிசோதனை உண்டு. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்க்கவேண்டும். விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் உறுப்புகளில் கை வைத்தால், ஒருவர் செய்ததை அதில் சம்பந்தப்படாத இன்னொருவர் மறுபடி பார்க்கவேண்டும். கடைசியில் லைசென்ஸ் பெற்ற எஞ்சினீயர் ஒருவர் தம் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டால்தான் விமானம் வாசலைத் தாண்டலாம். கம்பெனி முதலாளி எத்தனை அவசரப்பட்டாலும் அந்த எஞ்சினீயரின் பேனாவைத் தாம் பிடித்துக்கொள்ள முடியாது.

இவை நம் நாட்டார் மட்டும் செய்துகொண்ட விதிகள் அல்ல. 1944-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சிகாகோ நகரில் பல தேசத்தாரும் கூடிச் செய்த உடன்படிக்கையிலிருந்து கிளைத்தவை. அதற்கு முன்பே 1934-ல் இங்கே விமானச் சட்டம் பிறந்துவிட்டது. 1937-ல் அதன் விதிகள் வந்தன. தொண்ணூறு வருஷம் உழைத்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து புதிய சட்டம் அமுலுக்கு வந்திருக்கிறது. அதன் பெயர் ‘பாரதீய வாயுயான் அதிநியம்’. பெயரை உச்சரிக்கத் தென்னாட்டார் படும் பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை.

கையெழுத்து என்று சொன்னேன். அதன் கனம் எவ்வளவு என்பதை ஜப்பான் தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் போல வேறெதுவும் காட்டாது. 1978 ஜூன் மாதத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் ஒன்று ஒஸாகா நகரில் இறங்கும்போது வாலைத் தரையில் உராய்ந்துகொண்டது. விமானத்தின் பின்புறத்தில், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் கவிழ்த்த கிண்ணம் போன்ற சுவர் ஒன்று உண்டு. அது சேதமடைந்தது. போயிங் கம்பெனியின் ஆட்களே வந்து பழுது பார்த்தார்கள். பழைய பாதியையும் புதிய பாதியையும் இணைக்க ஒரே தகடாக வைத்து, ஆணி வரிசைகளை அடிக்கவேண்டும் என்பது படத்தில் கண்ட முறை. ஓரிடத்தில் அந்தத் தகட்டை இரண்டு துண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். அதனால் இரண்டு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கிற்று.

வெளிப் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. காகிதங்கள் பூர்த்தியாயின. ஏழு வருஷ காலம், பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் அந்த விமானம் ஏறி இறங்கிற்று. ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றை வரிசையைச் சுற்றி வெடிப்பு மயிரிழை மயிரிழையாக வளர்ந்தது. இடையில் நடந்த பரிசோதனைகளில் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. 1985 ஆகஸ்டு 12-ஆம் தேதி மாலை டோக்கியோவிலிருந்து ஒஸாகாவுக்குப் புறப்பட்ட பன்னிரண்டாவது நிமிஷத்தில் சுவர் பிளந்தது. பாய்ந்த காற்று வாலின் பெரும் பகுதியைப் பிய்த்தெறிந்தது. விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் நான்கும் அறுந்தன. விமானிகள் இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே அரை மணி நேரம் போராடினார்கள். முடிவில் அது மலையில் மோதிற்று. இருந்த 524 பேரில் 520 பேர் மாண்டார்கள். ஒரே விமானம் விழுந்து இத்தனை பேர் இறந்தது உலகத்தில் வேறில்லை.

அங்கே மேகமும் புயலும் குற்றவாளிகள் அல்ல, விமானிகளும் அல்ல. ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு கொட்டகையில் யாரோ வெட்டிய ஒரு தகடு. அதைச் சரி என்று ஏற்றுக்கொண்ட கையெழுத்துகள். ‘காகிதந்தானே’ என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். பசுவந்தனைக்குப் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது முதலில் பம்பாய்க்காரர் ஒருவரின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினார். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. அதன் பிறகே சொந்தக் கப்பல் வேண்டும் என்று அலைந்து ‘காலியா’, ‘லாவோ’ இரண்டையும் வாங்கினார். இரவல் சாதனத்தை நம்பித் தொழில் நடத்தினால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடித் துறைமுகம் அன்றே கண்டுவிட்டது.

ஆகாயத்தில் அந்தப் பாடத்தை நாம் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை. 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். யுத்தத்தின்போது அமெரிக்க விமானப் படையின் எத்தனையோ விமானங்கள் அங்கேதான் பழுது பார்க்கப்பட்டன. அன்னியருடைய விமானத்தை அன்றே பழுது பார்த்த நாடு, பிற்காலத்தில் தன் பிரயாணி விமானங்களின் என்ஜின்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தது என்றால் வெட்கமாக இராதா? உள்நாட்டில் செய்யும் ரிப்பேருக்கு நூற்றுக்குப் பதினெட்டு வரி விதித்திருந்தார்கள். 2020-ல்தான் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். கோ ஃபர்ஸ்ட் என்ற கம்பெனி, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய மாற்று என்ஜின்கள் வரவில்லை, பாதி விமானங்கள் தரையிலேயே நிற்கின்றன என்று முறையிட்டு 2023 மே மாதத்தில் திவால் மனுக் கொடுத்தது. அதன் விமானங்களும் வாடகை விமானங்களே. அடுத்த வருஷம் டில்லி ஹைக்கோர்ட்டு உத்தரவின்மேல் சொந்தக்காரர்களிடம் போயின.

நல்ல செய்தியும் உண்டு. 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் பிரெஞ்சுக் கம்பெனியான ஸாஃப்ரான் பெரிய என்ஜின் பராமரிப்புத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்திருக்கிறது. கம்பெனி அன்னியருடையதுதான், ஆனால் வேலை நம் மண்ணில் நடக்கும், கற்றுக்கொள்வது நம் பிள்ளைகள்.

ஆயினும் தொழிற்சாலைகள் பெருகப் பெருக அவற்றைப் பார்வையிடும் சர்க்கார் இன்ஸ்பெக்டர்களும் பெருகவேண்டும் அல்லவா? எனக்குக் கவலை தருவது இதுதான். 2014 ஜனவரியில் அமெரிக்க விமான இலாகா இந்தியாவின் மேற்பார்வை போதாது என்று நம்மை இரண்டாம் வகுப்புக்கு இறக்கிற்று. தேர்ந்த பரிசோதகர்கள் போதிய அளவில் இல்லை என்பது முக்கியமான குறை. அவசர அவசரமாக ஆட்களை நியமித்த பிறகு 2015 ஏப்ரலில் பழைய வகுப்பு திரும்பக் கிடைத்தது. அத்துடன் புத்தி வந்திருக்கும் என்று நினைப்போம். பத்து வருஷம் கழித்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றக் குழு ஒன்று அதே இலாகாவில் ஏறக்குறையப் பாதிப் பதவிகள் காலியாகக் கிடப்பதை எடுத்துக் காட்டியிருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 உயிர்கள் போயின. அந்த விபத்தின் காரணம் வேறாக இருக்கலாம். அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. ஆனால் விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்க ஒப்பந்தம் போடும் தேசம், அவற்றைப் பார்வையிட ஆள் வைக்கத் தயங்குவது மாடு வாங்கிவிட்டுத் தும்பு வாங்காத கதை.

எங்கள் ஜில்லாவிலேயே வாகைக்குளத்தில் விமான நிலையம் இருக்கிறது. 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதம மந்திரி அதன் புதிய கட்டிடத்தைத் திறந்துவைத்தார். அது முதல் என் வகுப்புப் பையன்களில் பைலட் ஆகவேண்டும் என்று சொல்லுகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். பைலட் படிப்பின் செலவு கரிசல் சம்சாரியின் நிலத்தை முழுவதும் விற்றாலும் கட்டாது. பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றிலும் தேறியவன் விமானப் பராமரிப்பு எஞ்சினீயர் பரீட்சைக்குப் படிக்கலாம்; செலவும் அத்தனை இல்லை. அவனும் விமானத்தின் பக்கத்தில்தான் நிற்பான். அவன் கையெழுத்திடாமல் பைலட் கிளம்ப முடியாது என்று சொன்னதும், கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்து, “சரியில்லைன்னா அவரு கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலாமா, ஸார்?” என்று கேட்டான். சொல்லலாம், சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது என்றேன். “சொன்னா வேலை போயிராதா?” என்றான்.

இந்த இரண்டாவது கேள்வியைச் சிவில் விமான இலாகாவின் டைரக்டர் ஜெனரலுக்கு அனுப்பி வைக்கிறேன்.