சாபமா? சதையின் பிடிப்பா?

நியூசிலாந்து தேசத்தில் மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில், சுமார் 30 ஆண்டுகளுக்குள் 25 பேருக்கு மேல் வயிற்றுப் புற்றுநோயால் மாண்டார்கள். இளம் வயதினர்கூடத் தப்பவில்லை. இது சாபம் என்றே அக்குடும்பத்தில் சிலர் நம்பினார்கள். எல்லோரும் அப்படியே நம்பிச் சும்மா இருந்திருந்தால் இன்னும் எத்தனை பிணம் விழுந்திருக்கும்? அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களைத் தாங்களே நாடிப் போனார்கள். 1998-ல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துப் பாரி கில்ஃபோர்டு குழுவினர் காரணத்தைக் கண்டு வெளியிட்டார்கள்.

அது என்ன காரணம்? நமது சரீரம் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. செங்கல்லைச் சாந்து பிடிப்பதுபோல், தோலிலும் இரைப்பையின் உட்புறத்திலும் ஓர் அணு அடுத்த அணுவை ஈ-கேடரின் என்னும் புரதத்தால் பற்றிக்கொள்ளுகிறது. தான் நிற்கும் தளத்தை இன்டெக்ரின் என்னும் வேறொரு வகைப் புரதத்தால் பற்றுகிறது. அரிவாள் பட்டுத் தோல் கிழிந்தால், காயத்தின் ஓரத்து அணுக்கள் பக்கத்துப் பிடியைத் தளர்த்தி, இன்டெக்ரினைக் காலாக ஊன்றி நகர்ந்து, எதிர்ப்பக்கத்து அணுக்களைச் சந்தித்ததும் மறுபடி கைகோத்து நின்றுவிடுகின்றன. புண் மூடுவது இப்படித்தான். மந்திரித்த திருநீற்றால் அல்ல.

புற்று பரவும்போதும் இதே தளர்தலும் நகர்தலும் நடக்கின்றன. ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் அவ்வணுக்கள் நிற்பதில்லை. அக்குடும்பத்தில் ஈ-கேடரினை உண்டாக்கும் மரபணு பழுதாகி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பிடிவிட்ட அணுக்கள் இரைப்பைச் சுவருக்குள் தனித்தனியே பரவின. சாபத்தின் யோக்கியதை இவ்வளவுதான்!

பழுது யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது அதன்பின் இரத்தச் சோதனையில் தெரிந்தது. உள்ளவர்களில் பலர், நோய் முற்றுமுன் இரைப்பையையே எடுத்துவிட்டு உயிரோடு வாழ்கின்றார்கள்.

விஞ்ஞானம் எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. இன்டெக்ரினின் பிடியை அடைக்கும் சிலெங்கிடைடு என்ற மருந்தை மூளைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆயுள் நீளவில்லை. 2014-ல் அத்தோல்வியை மறைக்காமல் அச்சிட்டார்கள். பரிகாரம் சொல்லிக் காசு வாங்கினவன் எவனாவது 'பலிக்கவில்லை' என்று அச்சிட்டதுண்டா என்று கேட்கின்றோம்.

ஆகையால் தோழர்களே, ஒரே குடும்பத்தில் ஒரே வியாதி அடுத்தடுத்துப் பலரைக் கொண்டுபோனால், தலைவிதி என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். யார் யார், எந்த வயதில், எந்த வியாதியால் இறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். மறைப்பதால் மானம் பிழைப்பதில்லை, உயிர்தான் போகும்.