நாய்க்கு நீளும் கயிறு... தம்பி சொல்வது சரியா, மாமியார் சொல்வது சரியா?

கால்நடை கேள்வி - பதில்

''கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி, தீபாவளிக்கு வந்தபோது எங்கள் நாய்க்குப் புது மாதிரி கயிறு ஒன்று வாங்கி வந்தான். பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் கயிறு சுருண்டிருக்கிறது. நாய் முன்னால் போனால் 5 மீட்டர் வரை நீள்கிறது. திரும்பி வந்தால் தானாகவே உள்ளே போய்விடுகிறது. எங்களிடம் இருப்பது ஒன்றரை வயது சிப்பிப்பாறை கலப்பு. 'பாவம், எந்நேரமும் செயினில் கிடக்கிறது, இதிலாவது கொஞ்சம் ஓடட்டும்' என்பது தம்பியின் கட்சி. போன வாரம் என் 9 வயது மகள் தார் ரோட்டோரம் நாயை நடத்திக்கொண்டு போனபோது, எதிர்ப்பக்கம் பூனையைப் பார்த்து அது பாய்ந்துவிட்டது. பைக்கில் வந்தவர் பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தார். நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. கயிற்றைப் பிடித்து இழுத்ததில் மகளுக்கு உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. 'அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில் போடு' என்கிறார் மாமியார். காசு கொடுத்து வாங்கியதைப் போடவும் மனமில்லை. இதை வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?''

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் அருகில்.

முதலில் மகளின் கையைக் கவனியுங்கள். கயிறு உரசி வந்த காயம் தீக்காயம் போலத்தான். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மஞ்சள், காபித்தூள் எதையும் வைத்துக் கட்ட வேண்டாம்.

இனி கயிற்றுக்கு வருவோம். வயற்காட்டில் தம்பி சொல்வது சரி. தார் ரோட்டில் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. எந்த இடத்தில், எந்த நாய்க்கு, யார் கையில் என்பதைப் பார்த்துத்தான் இந்தக் கயிறு நல்லதா, கெட்டதா என்று சொல்ல முடியும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். பிரஷ் கட்டரிலும் பவர் ஸ்பிரேயரிலும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிறோம் இல்லையா? இழுத்த கயிறு ஸ்பிரிங் விசையால் தானாக உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். அதே வேலைதான் இதிலும் நடக்கிறது. இப்படி ஒரு நாய்க் கயிற்றுக்கு 1908-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் மாதிரியை 1970-களில் பரவலாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த மான்ஃப்ரெட் போக்டான். மரம் அறுக்கும் செயின் சா இயந்திரத்தின் ஸ்டார்ட்டர் கயிற்றிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் பிரேக். அழுத்தினால் கயிறு அந்த நீளத்திலேயே நின்றுவிடும். அழுத்தாதவரை நாய் போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

உங்கள் ஊர் ரோட்டை வைத்தே கணக்குப் பார்க்கலாம். ஒரு வண்டி போகும் அகலமுள்ள கிராமச் சாலையில் தார் போட்ட பகுதி பெரும்பாலும் 3.75 மீட்டர்தான். உங்கள் கயிறு 5 மீட்டர். அதாவது, மகள் இந்த ஓரத்தில் பத்திரமாக நிற்கும்போதே நாய் ரோட்டைத் தாண்டி அந்த ஓரத்துக்குப் போய்விட முடியும். நடுவில் மெல்லிய கயிறு குறுக்கே நிற்கும். பைக்கில் வருபவர் கண்ணுக்கு அது தெரியாது.

'பொத்தானை அழுத்தியிருக்கலாமே' என்று மகளைத் திட்டாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை இனங்கள். கலப்பாக இருந்தாலும் அந்தக் குணம் போகாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் அவற்றுக்கு வெறும் குதிநடை. அந்த வேகத்திலேயே ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் போய்விடும். பூனையைப் பார்த்து, புரிந்துகொண்டு, பெருவிரல் பொத்தானைத் தேடுவதற்குள் கயிறு முழுக்கத் தீர்ந்திருக்கும். பெரியவர்களுக்கே இதுதான் கதி.

கயிறு தீரும் இடத்தில் என்ன ஆகும்? 25 கிலோ எடையுள்ள நாய் அந்த வேகத்தில் வந்து சட்டென்று நின்றால், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று ஏறக்குறைய இடுப்பு உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான விசை. அதில் ஒரு பங்கு நாயின் கழுத்தில் இறங்கும். இன்னொரு பங்கு பிடித்திருப்பவர் தோளிலும் மணிக்கட்டிலும் இறங்கும். வயதானவர்கள் குப்புற விழுவதும், நாய்க்குத் தொண்டைக்குழல் நசுங்கி நாள்கணக்கில் இருமுவதும் இப்படித்தான்.

இதில் இருக்கும் மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

கையில் வெட்டு: உருண்டைக் கயிறு மெல்லியது. ஓடும்போது கையால் பிடித்தால் அறுத்துவிடும். விரலில் சுற்றிக்கொண்டால் விரலுக்கே ஆபத்து. 'மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்காதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த விதி இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும். உருண்டைக் கயிற்றைவிடப் பட்டை நாடா வைத்த மாதிரி ஓரளவு தேவலாம்.

காலில் சிக்குவது: நாய் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் போதும், கயிறு கெண்டைக்காலில் வளையமாக மாட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து அது பாய்ந்தால் சதை கிழியும். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் நடந்தால் அவர்கள் கழுத்து உயரத்தில்கூட கயிறு வரலாம்.

கைப்பிடி நழுவுவது: இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சாதாரணக் கயிறு கை நழுவினால் நாய்க்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான். இதுவோ ஸ்பிரிங் விசையில் 'கடகட'வென்று நாயை நோக்கியே பாய்ந்து போகும். ஏதோ துரத்துகிறது என்று நாய் மிரண்டு ஓடும். ஓட ஓட கைப்பிடியும் விடாமல் கூடவே வரும். இப்படி மிரண்ட ஒரு நாயை ஊரே சேர்ந்து அரை நாள் தேடிப் பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். பாதத்தின் அடித்தோல் நான்கு காலிலும் கழன்றிருந்தது.

இழுக்கும் பழக்கம்: ஸ்பிரிங் எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். 'இழுத்தால்தான் முன்னே போக முடியும்' என்று நாய் கற்றுக்கொள்ளும். பிறகு சாதாரணக் கயிற்றிலும் உங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். அதனால், பழக்காத குட்டிக்கு இதை மாட்டவே கூடாது.

மண்ணும் ஈரமும்: பட்டணத்து நடைபாதைக்கு ஏற்ற பொருள் இது. சேறு, மணல், சீமைக்கருவேல முள் எல்லாம் கயிற்றோடு சேர்ந்து உள்ளே போனால் ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளும், பிரேக் பிடிக்காது. ஈரத்தோடு சுற்றி வைத்தால் கயிறு உள்ளேயே மக்கும். அது வெளியே தெரியாது, அறுந்தால்தான் தெரியும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அறுவடை முடிந்த வயல், தரிசு நிலம், வேலி போட்ட தோப்பு போன்ற இடங்களில் இது நல்ல பொருள். செயினில் கிடக்கும் நாய்க்கு மோப்பம் பிடிப்பதுதான் பெரிய சந்தோஷம். நீங்கள் ஒரே சீராக நடக்க, அது முன்னே போய் முகர்ந்து, பின்னே வந்து முகர்ந்து தன் போக்கில் நடக்கலாம். கயிறு தரையில் புரளாது, காலிடுக்கில் மாட்டாது. பருவத்தில் இருக்கும் பெட்டை நாயை அவிழ்த்துவிட முடியாத நாள்களிலும், சரியாகக் கண் தெரியாத கிழ நாயை நடத்தவும் இது உதவும். ஆனால், 'வா' என்றால் வருகிற, பழக்கிய நாயாக இருக்க வேண்டும். பிடிப்பவர் பெரியவராக இருக்க வேண்டும்.

அதனால், இப்படிச் செய்யுங்கள்.

1. கைப்பிடியில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். நாயை எடை போட்டுப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் தெரிந்துவிடும். நாயின் எடை கூடுதலாக இருந்தால் இந்தக் கயிறு வேண்டாம்.

2. கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். நெஞ்சைச் சுற்றிப் போடும் பாடி பெல்ட் வாங்கி அதில் மாட்டுங்கள். இழுப்பு கழுத்தில் விழாது.

3. மாதம் ஒருமுறை கயிறு முழுவதையும் வெளியே இழுத்துப் பிரேக் போட்டு, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிசிறு கண்டால் அன்றே ஒதுக்கிவிடுங்கள். கொக்கி வளைந்திருந்தாலும் அப்படியே.

4. ரோடு, சந்தை, கோயில் திருவிழா, தடுப்பூசி முகாம், ஆட்டுப்பட்டி பக்கம் ஆகிய இடங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். ஒன்றரை முதல் 2 மீட்டர் வரையுள்ள, அகலமான பருத்திப் பட்டைக் கயிறு போதும். நாய் உங்கள் காலை ஒட்டி நடக்கும்.

5. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மகளுக்கு ஆசையாக இருந்தால், நீங்கள் குட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் கூட நடக்கட்டும்.

6. தயவுசெய்து இதைத் தூணிலோ மரத்திலோ கட்டி நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்தக் கயிறு இல்லாமலும் நாயை ஓடவிட வழி இருக்கிறது. பெருவிரல் தடிமனுள்ள நூல் கயிறு 10 மீட்டர் வாங்கி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு பாடி பெல்ட்டில் மாட்டுங்கள். தரிசில் விட்டுவிட்டு, 'வா' என்று கூப்பிட்டுப் பழக்குங்கள். வந்தால் வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்று கொடுங்கள். வராவிட்டால் கயிற்றை மெதுவாகச் சுருட்டி இழுங்கள், அடிக்காதீர்கள். தினமும் கால் மணி நேரம் விடாமல் பழக்கினால் சில வாரங்களில் நாய்க்குப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு தம்பி வாங்கிக் கொடுத்த கயிற்றை எடுங்கள்.

''தோட்டக் காவலுக்காகப் பகல் முழுவதும் நாயைக் கட்டி வைக்கிறோம். 'இது சட்டப்படி தப்பு' என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். உண்மையா? வேறு என்ன செய்யலாம்?''

- ஒரு வாசகர், ராஜபாளையம் வட்டாரம்.

கட்டுவதே தப்பு என்று சட்டம் சொல்லவில்லை. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். இரண்டு, வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்கு நடக்க, ஓட வாய்ப்பே கொடுக்காமல் விடுவதும் குற்றம். ஆக, உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

செலவில்லாத வழி, ஓடுகம்பி. ஆள் உயரத்துக்கு மேல், இரண்டு தூண்களுக்கு நடுவில் 8 முதல் 10 மீட்டர் நீளத்துக்குத் தடித்த ஜி.ஐ. கம்பியை இறுக்கிக் கட்டுங்கள். அதில் ஓர் இரும்பு வளையம் கோத்து, வளையத்திலிருந்து கயிறு இறங்கட்டும். கயிற்றின் இரு முனையிலும் சுழலும் கொக்கி இருந்தால் முறுக்கிக்கொள்ளாது. தூணைச் சுற்றி வந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க, இரு பக்கமும் தூணுக்கு ஒரு மீட்டர் முன்பாகவே கம்பியில் தடுப்பு வையுங்கள். நாய் வசதியாகப் படுக்கும் அளவுக்குக் கயிறு நீளம் இருந்தால் போதும். கிணறு, சுவர், வேலி எதையும் எட்டக் கூடாது. வேலியைத் தாண்டிக் குதித்து, கயிற்றில் தொங்கி இறந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுத்தால் இறுகும் சங்கிலி வேண்டாம். கம்பி ஓடும் தூரத்திலேயே நிழலும் கவிழாத தண்ணீர்த் தொட்டியும் இருக்கட்டும். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது அவிழ்த்து, கயிறு பிடித்து நடத்துங்கள்.

கடைசியாக, இருவருக்கும் பொதுவான ஒன்று. எந்தக் கயிறானாலும் ஒருநாள் நழுவும். அன்று யாரையாவது கடித்துவிட்டால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும் ஒன்று. அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஒட்டன்சத்திரம் சகோதரிக்கு ஒரு வார்த்தை. மாமியாரிடம் 'நீங்கள் சொன்னபடி ரோட்டுக்கு எடுத்துப் போவதில்லை' என்று சொல்லுங்கள். தம்பி அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அந்தக் கயிற்றோடு அவரையே தரிசுக்கு அனுப்பி வையுங்கள். நாய்க்கும் ஓட்டம், தம்பிக்கும் நடை.