எருவும் உரமும்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சு உழவுத் தொழிலைத் தொட்டுவிட்டால், மாணவ நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிட்டது என்பது ஒரு கட்சி. உரமின்றி ஊருக்குச் சோறு போட முடியாது என்பது மறு கட்சி. நான் எதிலும் சேர்வதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கத்தரிக்காய் அனுப்பும் குடும்பத்தில் பிறந்தவன் நான். என் கல்லூரிக் கட்டணம் ஒவ்வொரு பருவமும் எங்கள் ஒரு ஏக்கர் தோட்டத்திலிருந்தே வந்திருக்கிறது. இரு கட்சியாரின் தவறும் அதே தோட்டத்தில் நடந்ததை நேரில் கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா காலத்தில் வீட்டில் இரண்டு சோடி மாடுகள் இருந்தன. கொல்லையில் எருக்குழி இருந்தது. டிராக்டர் வந்தது, மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. குழியும் தூர்ந்தது. அப்பா மூட்டை உரத்தை மட்டுமே நம்பினார். முதல் சில ஆண்டுகள் செடிகள் கருகருவென்று வளர்ந்தன. பிறகு மண் இறுகியது. பாய்ச்சிய நீர் நிற்கவில்லை. இரண்டு மூட்டை யூரியா இட்ட இடத்தில் நான்கு மூட்டை இட வேண்டியிருந்தது. இலை செழித்தது; அசுவினியும் தத்துப்பூச்சியும் அதைவிடச் செழித்தன; காய் மட்டும் குறைந்தது.

மனம் வெறுத்த அப்பா ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சை நம்பி, ஒரே பருவத்தில் உரத்தை அடியோடு நிறுத்தினார். விலைக்கு வாங்கிய சாணமும் வைக்கோலும் பாதி மக்கிய நிலையில் நிலத்தில் இறங்கின. செடிகள் வெளிறி மஞ்சளாயின. வேர்ப்புழு வேறு வந்து சேர்ந்தது. மக்காத வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதைப் பின்னால் வகுப்பில் படித்தேன். படித்து என்ன பயன்? அந்தப் பருவத்துக் கட்டணம் அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டப்பட்டது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஒரு டன் மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது, ஒரு மூட்டைக்கு நான்கு டன் எரு ஈடு. அதிலும் எருவின் சத்து முழுவதும் அந்தப் பருவத்திலேயே வெளிவருவதில்லை. மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். கத்தரிச் செடி பூவெடுக்கும் நேரத்தில் அவ்வளவு காலம் காத்திருக்காது.

அப்படியானால் எரு எதற்கு என்று உரக் கட்சி கேட்கலாம். எரு வெறும் சத்து மூட்டை அன்று. நீரைப் பிடித்து வைப்பதும், அம்மோனியமும் சாம்பல்சத்தும் கரைந்தோடாமல் காப்பதும், நுண்ணுயிர்களுக்கு உணவாவதும், துத்தநாகம் முதலிய நுண்சத்துக்களைச் சிறுகச் சிறுகத் தருவதும் அதுவே. எரு இல்லாத மணற்பாங்கான நிலத்தில் இடும் யூரியாவில் ஒரு பங்கு காற்றோடும், ஒரு பங்கு பாசன நீரோடு வேருக்குக் கீழேயும் போய்விடும். ஓட்டைப் பானையில் எவ்வளவு அரிசி போட்டால் என்ன?

இதனால்தான் வேளாண் பல்கலைக்கழகம் கத்தரி ரகங்களுக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரத்தையும், அதோடு தழை, மணி, சாம்பல் சத்துக்களை முறையே 100, 50, 30 கிலோ அளவிலும் பரிந்துரைக்கிறது. தழைச்சத்தில் பாதி அடியுரம். மறுபாதி நட்ட முப்பதாம் நாள் மேலுரம். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று அது சொல்லவில்லை.

இது புதிய ஞானமும் அன்று. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் எருவுக்கு ஏரினும் உயர்ந்த இடம் தந்தார். இராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை 1906-இல் எழுந்தது. கோவையில் நிரந்தர உர ஆய்வு 1909-இல் தொடங்கியது. 1970 முதல் நாட்டின் பல மையங்களில் தானியப் பயிர்களில் நடந்துவரும் நீண்டகால ஆய்வுகளில், தழைச்சத்து மட்டும் இட்ட பாத்திகள் நாளடைவில் பின்தங்கின; மூன்று சத்துக்களோடு தொழு உரமும் பெற்றவை நிலைத்து நின்றன.

அண்டை நாடான இலங்கையின் பாடமும் நம் கண்முன் இருக்கிறது. 2021-இல் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் காய்கறியும் அடிவாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. எங்கள் ஒரு ஏக்கரில் நடந்தது அங்கே ஒரு நாட்டுக்கே நடந்தது. குற்றம் எருவின் மேல் அன்று. ஈடு செய்யப் போதிய எருவைச் சேர்க்காமல் உரத்தை நிறுத்தியதே குற்றம்.

நம் பக்கமும் குற்றம் உண்டு. 1992-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது; யூரியா மட்டும் கட்டுப்பாட்டிலேயே நின்றது. மலிவானதை உழவர் அள்ளி இட்டதில் வியப்பில்லை. யூரியாவுக்குச் செலவிடும் மானியத்தில் ஒரு சிறு பங்கையாவது எருக்குழி வெட்டுவோருக்கும் மாடு வளர்ப்போருக்கும் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. எருவை வாழ்த்திப் பேசுவோர், எரு எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

மாடில்லாத வீட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. இப்போது அப்பா கோடையில் செம்மறி ஆட்டுக்கிடை அமர்த்துகிறார். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறார். மண் பரிசோதனை செய்து, யூரியாவை வேப்பம் புண்ணாக்கோடு கலந்து பிரித்து இடுகிறார். நான்கு மூட்டை மீண்டும் இரண்டாகியிருக்கிறது. சென்ற விடுமுறையில் ஒரு பிடி மண்ணை என் கையில் வைத்து, "பாருப்பா, இப்பத்தான் பிடிச்சா உருளுது, விட்டா உதிருது" என்றார். அம்மாவின் தோடும் திரும்பிவிட்டது.

நண்பர்களே, நம் கல்லூரி வளாகத்தில் உதிரும் வேப்பிலையும் புங்க இலையும் மாலைதோறும் எரிக்கப்படுகின்றன. விடுதிச் சமையலறைக் கழிவு குப்பை வண்டியில் போகிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மைதானத்தின் ஓரத்தில் இரண்டு குழிகள் வெட்டினால், அடுத்த ஆண்டே விடுதிக்கு ஒரு கத்தரிப் பாத்தி போடலாம். முதல் குழி வெட்ட மண்வெட்டியோடு நான் வருகிறேன். இரு கட்சி நண்பர்களும் உடன் வர வேண்டுகிறேன்.