வடிகாலுக்குள்ளே எறங்குறது யாரு?

புரட்டாசி பிறந்தால் போதும், சென்னை மாநகராட்சிக்கு மழை ஞாபகம் வந்துவிடும். தெருவோர மழைநீர் வடிகாலின் சிமெண்டு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்குகிறார்கள். நாற்றம் கிளம்புகிறது. மாடி வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படுகின்றன. காண்ட்ராக்டரின் ஆள் கையைக் காட்டுகிறான்: "எறங்குப்பா." ஒருத்தர் எறங்குகிறார். அழுக்குப் பனியனும் அரைக்கால் டவுசரும்தான் அவருடைய பாதுகாப்புக் கவசம். மேலே நிற்பவர் வாளியைக் கயிறு போட்டு இழுக்கிறார். வாளியில் வருவது வண்டல் மட்டுமல்ல. பீயும் வருகிறது.

மழைநீர் வடிகாலில் பீ எப்படி வந்தது? நதிநீர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற மகா கனவான்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

காகிதத்தில் எல்லாம் சுத்தமாகவே இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. 1978இல் தொடங்கப்பட்ட வாரியம் அது. அந்தக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அது நேராகக் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் போய் விழும். நடுவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. ஆகவே ஆறு பிழைக்க வேண்டுமானால் இரண்டும் கலக்கக் கூடாது. அரிச்சுவடிப் பாடம் இது.

ஆனால் கலக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பும் ஓட்டலும் கக்கூஸ் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகின்றன. சாக்கடை பொங்கினால் அதையும் இதிலேயே திருப்பி விடுகிறார்கள். கேட்டால் மாநகராட்சி வாரியத்தைக் கைகாட்டும்; வாரியம் மாநகராட்சியைக் கைகாட்டும். இந்த இரண்டு அலுவலகங்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: உள்ளே எறங்கவேண்டிய ஆள் யார் என்பது. அவர் அருந்ததியராக இருப்பார், பறையராக இருப்பார், தெலுங்கு பேசும் மாதிகாவாக இருப்பார். எந்த அய்யரும் எந்த முதலியாரும் எறங்கி நாம் பார்த்ததில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை எறக்குவது குற்றம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அங்கேதான் அதிகாரியின் மூளை வேலை செய்கிறது: "சார், இது சாக்கடை இல்லை, மழைநீர் வடிகால். அந்தச் சட்டம் இதுக்குப் பொருந்தாது." தோழர்களே, அதே சட்டத்தின் விளக்கப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பிற கழிவோடு சேர்த்து மனித மலத்தை வெளியேற்றும் நிலத்தடிக் குழாய்தான் சாக்கடை என்று எழுதியிருக்கிறது. பெயர்ப்பலகையில் மழை என்று எழுதிவிட்டால் பீ மழையாகி விடுமா? அது ஓடுகிற நிமிஷத்திலேயே அந்த வடிகால் சாக்கடைதான். அதில் ஆளை எறக்கும் எவனும் குற்றவாளிதான்.

உச்ச நீதிமன்றம் 2014இல் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் என்றது. 2023இல் முப்பது லட்சம் என்றது. சாகிற குடும்பத்துக்கு அந்தப் பணம் வேண்டும்தான், போராடியே வாங்குவோம். ஆனால் சாவுக்கு விலை ஏறுகிறதே தவிர, சாகடித்தவன் ஜெயிலுக்குப் போவதைக் காணோமே!

அடுத்த புரட்டைப் பார்ப்போம். ஆற்றைக் கெடுத்தது யார்? கரையில் குடிசை போட்டவன் என்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. எந்த மனிதர்? அடையாற்றின் மேலே விமான ஓடுபாதை போட்டவர்களா? பக்கிங்காம் கால்வாயின் வயிற்றில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டவர்களா? 1920களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் லேக் வியூ ரோடு என்று இன்றைக்கும் தெருப் பெயர் இருக்கிறது. அங்கே பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவனை ஆக்கிரமிப்பாளன் என்று எவனாவது சொன்னதுண்டா?

சொன்னதெல்லாம் நம்மைத்தான். அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் நம் சனங்களைப் பிடுங்கிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொட்டினார்கள். தென்சென்னையின் மழைத் தண்ணீர் வடிந்து சேருகிற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளம் அது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வெள்ளம் வந்து நிற்கிற இடத்திலேயே குடிவைத்தார்கள்! ஊரும் சேரியும் தனித்தனி என்ற பழைய நியாயத்துக்கு இப்போது நதி மீட்பு என்று புதுப்பெயர். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தன்னையே கொளுத்திக்கொண்டு செத்தார். அந்தக் கால்வாயில் மலத்தை விட்ட எந்த மாடிக் கட்டடத்தை இப்படி இடித்தார்கள்?

"வடிகால் வேண்டாமென்கிறீர்களா?" என்று நம்மில் சிலரே கேட்கலாம். வேண்டும். முதலில் சேரிக்குத்தான் வேண்டும். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் வடிகால் கட்ட 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். கட்டட்டும். ஆனால் ஆறும் சதுப்பும் நிறைந்து நின்றால் எவ்வளவு பெரிய வடிகாலும் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடும்? எதிர்த்துத் தெருவுக்குத்தான் திரும்பும். 2023 டிசம்பர் புயல் மழையில் இதைத்தானே பார்த்தோம்! கான்கிரீட்டுக்குக் கோடிகள் கொட்டுகிறவர்கள், அதைத் தூர் வாருகிற கைக்கு நிரந்தர வேலை கொடுக்கமாட்டார்களாம். 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீசை விட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்களையே குப்பையைப் போல!

1924இல் மஹாட் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தபிறகுதான் அது உயிர்பெற்றது. சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணியும் மாட்டு மூத்திரமும் ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். அன்றைக்கு நம் விரல் பட்டால் தண்ணீர் தீட்டு. இன்றைக்கு அவர்கள் தண்ணீர் சுத்தமாக வேண்டுமானால் நம் உடம்பு முழுக்கப் பீயில் முங்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கையில் குழப்பம் வேண்டாம். மலம் ஓடும் வடிகால் அத்தனையையும் சாக்கடை என்று அறிவித்து, மனிதன் எறங்குவதை அடியோடு நிறுத்து. திருட்டு இணைப்புகளைப் பெரிய கட்டடங்களிலிருந்து தொடங்கி அறுத்துவிடு; அவற்றின் பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டு. இயந்திரம் வாங்கினால் அதை ஓட்டும் அரசு வேலையை இத்தனை நாள் எறங்கியவருக்கே கொடு. குடிசையை இருந்த இடத்தின் பக்கத்திலேயே கட்டிக்கொடு.

மாணவத் தோழர்களே, புரட்டாசியில் உங்கள் தெருவில் மூடியைத் தூக்கும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள். கீழே எறங்கி வாருங்கள். வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் பெயர், பொறியாளர் பெயர் கேட்டு எழுதுங்கள். புகார் கொடுங்கள். "இது மழைநீர்தான் சார்" என்று எவனாவது சொன்னால் வாளியை அவன் முன்னால் வையுங்கள்.

மழைநீர்தானே? ஒரு கை அள்ளிக் காட்டட்டும்.