கல்லூரியைப் பாதியில் விட்டு லீக்குக்குப் போகலாமா? கோவில்பட்டி ஹாக்கி ரசிகர்களின் வாக்குவாதத்தில் எந்தப் பக்கம் நியாயம்?

இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். சாத்தூரை அடுத்த அச்சங்குளம் பக்கத்துப் பையன் ஒருவன். சின்ன வயதிலேயே கையில் ஹாக்கி மட்டை. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் சேர்ந்து, பிளஸ் டூ முடித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.ஏ. சேர்ந்துவிட்டான். இரண்டாம் ஆண்டு பாதியில் 'லீக்ல எடுத்துட்டாங்க, வேலையும் வரும்போல' என்று சேதி வருகிறது. பையன் படிப்பை நிறுத்துகிறான்.

உடனே ஊரில் இரண்டு கட்சி. 'இந்த வயசுல வர்ற சான்ஸை விட்டா திரும்ப வருமா?' என்பது ஒரு கட்சி. 'இன்னும் ஒன்றரை வருஷம்தானே, டிகிரியை முடிச்சுட்டுப் போயிருக்கலாமே' என்பது இன்னொரு கட்சி. இதுபோக வெளியே அதிகம் சொல்லாத மூன்றாவது வருத்தம் ஒன்றும் உண்டு: 'காலேஜ் டீம் போச்சே!'

பையன் கற்பனைதான். கேள்வி கற்பனை இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஹாக்கி பார்ப்பவர்களுக்கு இது வருஷா வருஷம் வரும் கேள்வி. சமீப காலமாக அது கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2013-ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017-உடன் நின்றுபோனது. 7 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பர் 28-ல் அது மறுபடி உயிர்பெற்றது. ஆண்கள் பிரிவில் 8 அணிகள். அதில் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். முதல் சீசனிலேயே அந்த அணி அரையிறுதி வரை போனது. அடுத்த சீசன் 2026 ஜனவரியில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்திலேயே தொடங்கியது.

இதற்கு நடுவே, 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஜெர்மனி கோப்பையை வென்றது, இந்தியாவுக்கு வெண்கலம். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் மதுரையில் உலகக் கோப்பை ஆட்டம் பார்க்கலாம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதுசு.

லீக் விதியில் கல்லூரி வயதுப் பையன்களுக்கு முக்கியமான ஒரு வரி இருக்கிறது. 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஒவ்வொரு ஆண்கள் அணியும் 24 பேரை எடுக்க வேண்டும், அதில் இந்திய ஜூனியர் வீரர்கள் குறைந்தது 4 பேர் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 8 அணி என்றால் 32 இடம். 'நம்ம பையனும் போவான்' என்று ஊர் நினைக்கத் தொடங்கியதற்கு அந்த 32 ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 2022-ல் நடந்தது. ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில், பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இடம்பிடித்தார்கள்: கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம். கார்த்தியும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்தான். பாகிஸ்தானுக்கு எதிராக 1-1 என முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் அந்த ஒரு கோல் கார்த்தி அடித்தது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். அதற்குப் பிறகு கோவில்பட்டியில் மட்டை பிடிக்கும் பையன்களின் வீடுகளில் கணக்கே மாறிவிட்டது.

அமெரிக்காவில் இதே சண்டை எப்படி?

கல்லூரி வீரர் பாதியில் போவதைப் பற்றி ரசிகர்கள் அடித்துக்கொள்வதில் அமெரிக்கர்கள் நமக்கு முன்னோடி. அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. பாஸ்டன் கல்லூரி வீரர் வில் ஸ்மித்தின் கதை பலருக்கு நினைவிருக்கும் (நடிகர் இல்லை, இவர் வேறு). முதல் ஆண்டிலேயே 71 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம். 2024 ஏப்ரலில் இறுதிப்போட்டியில் டென்வரிடம் 2-0 எனத் தோற்ற பிறகு, 'அடுத்த ஆண்டும் கல்லூரியிலேயே ஆடுவேன்' என்ற நிலையில் இருந்தார். அடுத்த மாதமே சான் ஹோசே ஷார்க்ஸ் அணியுடன் 3 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். கல்லூரி ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அங்கே சண்டையின் பொருள் வேறு. வீரர் போனால் கல்லூரிக்கு நஷ்டம் ஒரு சீசன். வீரருக்கு முன்னால் இருப்பதோ ஏப்ரல் வரை மாதக்கணக்கில் ஓடும், ஓர் அணிக்கு 80-க்கும் மேற்பட்ட ஆட்டம் உள்ள லீக். அதுவே முழுநேர வேலை, அதுவே சம்பளம். அவர் படிப்பை விட்டதால் சோற்றுக்கு வழி இல்லாமல் போய்விடும் என்று யாரும் பயப்படப்போவதில்லை.

நம் ஊர் ரசிகர்கள் அந்தச் சண்டையை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுவதுதான் சிக்கல். ஏனென்றால் இங்கே 'புரோ' என்பதற்கு அர்த்தமே வேறு.

லீக் 5 வாரம், மீதி 47 வாரம்?

ஹாக்கி இந்தியா லீக்கின் 2024-25 சீசன் டிசம்பர் 28 முதல் பிப்ரவரி 1 வரை. 5 வாரம். ஓர் அணிக்கு லீக் சுற்றில் 10 ஆட்டம். ஏலத்தில் வீரர்களின் அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று வகை. ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது தலைப்புச் செய்தி. ஆனால் முதல்முறை உள்ளே போகும் பையன் யோசிக்க வேண்டியது 78-ஐ வைத்து அல்ல, அந்த 2-ஐ வைத்து.

மீதி 47 வாரம் ஹாக்கிக்காரனுக்குச் சோறு போடுவது யார்? ரயில்வே, வருமான வரித்துறை, இந்தியன் ஆயில் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள், ராணுவம். இந்திய ஹாக்கியில் உண்மையான 'புரோ' இந்தத் துறை அணிகள்தான். புனேவிலிருந்து மும்பைக்குப் போன தன்ராஜ் பிள்ளைகூட அங்கே மகிந்திரா நிறுவன அணிக்கு ஆடியவர்தான். வேலை கிடைத்தால்தான் ஆட்டம் நிலைக்கும். கோவில்பட்டி வீட்டுக்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'ஹாக்கி ஆடுனா கவர்மென்ட் வேலை கிடைக்கும்' என்ற நம்பிக்கையில்தானே விடிகாலையில் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிறார்கள்!

அந்த வேலைக்கான விதிகளில்தான் டிகிரி ஒளிந்திருக்கிறது.

வருமான வரித்துறை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது, வரி உதவியாளர் பணிக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். பன்முகப் பணியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். நடுவில் ஸ்டெனோகிராபர் பணிக்குப் பிளஸ் டூ போதும், ஆனால் சுருக்கெழுத்து தெரிய வேண்டும். பெனால்டி கார்னர் பழகுகிற பையனுக்கு அது தனித் தலைவலி. 7-வது ஊதியக் குழு கணக்குப்படி வரி உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாய், பன்முகப் பணியாளருக்கு 18,000.

ரயில்வேயிலும் அப்படித்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் லெவல் 4, 5 பணிகளுக்குப் பட்டம் வேண்டும். பிளஸ் டூ மட்டும் இருந்தால் லெவல் 2, 3. லெவல் 2-ன் தொடக்கச் சம்பளம் 19,900, லெவல் 4-ன் தொடக்கம் 25,500. மாதம் 5,600 வித்தியாசம். அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் இது, பஞ்சப்படியெல்லாம் தனி. 3 ஆண்டில் இந்த வித்தியாசம் 2,01,600 ரூபாய். அதாவது லீக்கில் அடிப்படை விலைக்குப் போகும் பையன் ஒரு சீசனில் பெறுவதை, டிகிரி 3 ஆண்டில் ஈடுகட்டிவிடும். அதற்கப்புறமும் ஓய்வுபெறும் வரை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும்.

டிகிரி மட்டும் இருந்தால் லெவல் 4 கிடைத்துவிடாது, விளையாட்டுச் சாதனையும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். ஆனால் சாதனை இருந்தும் டிகிரி இல்லாமல் கீழ் மட்டத்தில் சேர்வதுதான் வயிற்றெரிச்சல்.

முழங்கால் போன பிறகு என்ன வேலை என்பதும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. உடற்கல்வி ஆசிரியர் பாதையில் பி.பி.எட். சேர வேண்டுமென்றால் கையில் முதலில் ஒரு பட்டம் வேண்டும்.

'படிப்பை நிறுத்திட்டான்' – இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம்?

சென்னையில் ஒருவன் கல்லூரியைப் பாதியில் விட்டால் 'ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கிறான்' என்பார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் 'படிப்பை நிறுத்திட்டான்' என்றால் காலங்காலமாக ஒரே அர்த்தம்தான்: பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ வேலைக்குப் போய்விட்டான். கல்லூரிக் கட்டணத்துக்காக விடுமுறை நாளில் ஆலைக்குப் போகிற மாணவர்கள் உள்ள ஊர்கள் இவை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் 'டிகிரியை முடிச்சுட்டுப் போ' என்று சொல்கிற தாயைப் பார்த்து, 'ஆட்டத்தோட அருமை தெரியலை' என்று ரசிகர்கள் அலுத்துக்கொள்வது சரியில்லை. அந்தத் தாய்க்கு டிகிரி என்பது ஆலைக்குத் திரும்பி வராமல் இருப்பதற்கான சீட்டு. லீக் அதே உத்தரவாதத்தைத் தருமா என்றுதான் அவர் கேட்கிறார். 5 வாரத்துக்கு ஏற்ற பதில்தான் லீக்கிடம் இருக்கிறது.

அதே நேரம், பையனைக் குறை சொல்வதும் நியாயமில்லை. துறை அணிகள் ஒவ்வொரு ஆண்டும் ஆள் எடுப்பதில்லை. இந்த ஆண்டு ஒரு நடுக்கள ஆட்டக்காரர் தேவைப்பட்டால் இந்த ஆண்டுதான். அடுத்த அறிவிப்பு வரும்போது கணுக்கால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் கடன் இருக்கிறவன் கைக்கு வந்த வேலையைத் தள்ளிவைக்கச் சொல்வது, கடன் இல்லாதவர்களுக்குச் சுலபம்.

சரி, காலேஜ் டீம்?

மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பை ஆட்டங்களுக்குக் கோவில்பட்டியில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே ரசிகர்கள் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த பையன். அவன் கல்லூரி ஜெர்சியில் நாலு ஆட்டம் ஆடுவதற்குள் போய்விட்டால் ஏக்கம் வரத்தான் செய்யும்.

ஆனால் கல்லூரி ஹாக்கி வெறும் ஏக்கம் சார்ந்தது மட்டுமல்ல. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதியில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதே ஒரு தகுதி. அதில் பதக்கம் இருந்தால் முன்னுரிமை வரிசையில் மேலே போகலாம். கோவில்பட்டிக் கல்லூரியில் படிக்கிறவனுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி, சாத்தூரிலோ சிவகாசியிலோ படிக்கிறவனுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழக அணி. மாநில அணிக்குள் நுழைய முடியாத சுமாரான ஆட்டக்காரனுக்கு வேலைக்கான கதவு இதுதான். நல்ல வீரன் ஒருவன் கிளம்பினால் அணி பதக்கம் இல்லாமல் திரும்பும். கூட ஆடிய மற்ற பத்துப் பேரின் சான்றிதழும் மெலியும். 'காலேஜ் டீம் போச்சே' என்ற புலம்பலில் உள்ள நியாயம் இதுதான். ரசிகர்களே அதை இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா?

முடியும். லீக் நடக்கும் மாதங்களைக் கவனியுங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி. நம் கலைக் கல்லூரிகளின் முதல் பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில். அடுத்தது ஏப்ரலில். லீக் ஏறக்குறைய நடுவில் வந்து விழுகிறது. சிக்கல் தேர்வில் இல்லை, 75 சதவீத வருகைப் பதிவில்தான். முகாம், பயணம் என்று போகும் நாட்களைக் கல்லூரி 'ஆன் டியூட்டி'யாக எடுத்துக்கொண்டால் லீக்குக்காக ஒருவன் படிப்பை நிறுத்தவே வேண்டியதில்லை. முதல்வர் அறையில் முடிகிற விஷயம் இது. ரசிகர்கள் டீக்கடையில் செலவழிக்கும் கோபத்தில் கொஞ்சத்தை அங்கே கொண்டுபோனால் பலன் இருக்கும்.

முழுநேர வேலை கிடைத்தால் கதை வேறு. பல்கலைக்கழகப் போட்டிகளில் முழுநேரப் பணியில் இருப்பவர் ஆட முடியாது. அங்கே பையன் உண்மையிலேயே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் வேலையைத்தான் எடுப்பான், எடுக்கவும் வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி 'போகலாமா' என்பதல்ல. எந்த மட்டத்தில் எடுக்கிறார்கள், தொலைநிலைக் கல்வியில் மீதியைப் படிக்க அனுமதி தருவார்களா, பட்டம் வந்த பிறகு பதவி உயர்வுக்கு வழி இருக்கிறதா என்பதுதான். பணியாணையில் கையெழுத்துப் போடும் நாளில் வீட்டிலிருந்து கூடவே போகிறவர் இதைக் கேட்டுவிடுவது நல்லது. ஸ்வீட் பாக்ஸ் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

லீக்கை மட்டும் நம்பிப் படிப்பை விட்டவனுக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது. பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட வயது வரம்பு 25. மறுபடி கல்லூரியில் முழுநேர மாணவனாகச் சேர்ந்தால், அந்த வயதுக்குள் திரும்பவும் பல்கலைக்கழக ஜெர்சி போடலாம்.