யாருக்கு மார்க்?

‘ஃபயரிங்ல எத்தனை ரவுண்டு கொடுத்தாங்க மச்சி?’

என்.சி.சி. கேம்ப் முடிஞ்சு மதுரைக்குத் திரும்பற பஸ்ல முதல் கேள்வியே இதுதான். சாம்பார், பரேடு, கொசுக்கடி எல்லாம் அப்புறம். நிறைய ரவுண்டு கொடுத்தவர் சூப்பர் ஸ்டாஃப். ‘அதைத் தொடாதே, இதைத் தொடாதே’ன்னவர் மொக்கை. நானும் இப்படித்தான் மார்க் போட்டுட்டு இருந்தேன்.

ஃபர்ஸ்ட் இயர் கேம்ப். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். கையில பாயின்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டர் தள்ளி டார்கெட். குப்புறப் படுத்து ட்ரிகரை அழுத்தறேன்... சத்தமே இல்லை. ‘ஸார், வெடிக்கலை’ன்னு ரைஃபிளோட அப்படியே திரும்பினேன். பக்கத்துல படுத்திருந்தவங்க சிரிச்சாங்க. சொல்லிக்கொடுத்தவரும் சிரிச்சுட்டு, ‘அடுத்த ஆள்’ன்னார். ஹாஸ்டல்ல ஒரு வருஷத்துக்கு அதுதான் காமெடி.

அடுத்த வருஷம் வேற ஸ்டாஃப். முதல் அரை மணி நேரம் தோட்டாவையே கண்ணுல காட்டலை. ரைஃபிளை வாங்கினதும் போல்ட்டை இழுத்து, உள்ளே காலியான்னு பார்க்கணும். அவரே பார்த்துட்டுக் கொடுத்தாலும் நாமளும் பார்க்கணும். குறி வைக்கிற வரைக்கும் விரல் ட்ரிகர் பக்கம் போகக் கூடாது. ‘வெடிக்கலைன்னா என்ன செய்வே?’ன்னு ஒவ்வொருத்தரையும் செஞ்சு காட்டச் சொன்னார். முனை டார்கெட் பக்கமே இருக்கணும், ஒரு கையைத் தூக்கணும், அரை நிமிஷம் காத்திருக்கணும். ஏன்னா, சில தோட்டா லேட்டா வெடிக்கும்!

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. போன வருஷம் சிரிச்ச முகமெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு.

குறி தப்பினா என்ன ஆகும்? 2021 டிசம்பர்ல புதுக்கோட்டை நார்த்தாமலை பக்கம், பயிற்சித் தளத்துல இருந்து பாய்ஞ்சு வந்த குண்டு வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில பட்டுச்சு. சில நாள்ல இறந்துட்டான். நாம சுடற குட்டித் தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும்.

அதனால என்.சி.சி.யோ, ரைஃபிள் கிளப்போ, எங்கே கத்துக்கப் போனாலும் மூணு விஷயம் கவனிங்க பாஸ். தோட்டா கைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன சொல்லித் தர்றாங்க? ஒருத்தன் தப்பு பண்ணினா சிரிக்கறாங்களா, திட்டறாங்களா, இல்லை எல்லாரையும் நிறுத்திட்டுத் திரும்பச் செய்ய வைக்கறாங்களா? டார்கெட்டுக்குப் பின்னாடி மண்மேடு இருக்கா, ஊர் இருக்கா?

அந்த ரெண்டாவது கேம்ப்ல எனக்குக் கிடைச்சது அஞ்சே ரவுண்டு. குரூப்பிங்கும் சுமார்தான். ஆனா, அந்த ஸ்டாஃபுக்கு நான் போட்டது நூத்துக்கு நூறு!