இனி எழுத்தில் தாருங்கள்: மலையக வாக்காளர்களின் கோரிக்கைச் சாசனம்

எங்கள் வாக்குகளைப் பெற்று நாடாளுமன்றம் போய், அரசாங்கங்களில் பங்காளிகளாக அமர்ந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்கும் தமிழ் முற்போக்குக் கூட்டணிக்கும், நாளை அதே வழியில் போக நினைக்கும் எவருக்கும், தோட்டங்களில் பேர் போட்டு வாழும் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

1,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறோம். எங்கள் கோபம் மூண்டது அங்கேதான். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற பேச்சு 2015இல் எங்கள் மேடைகளுக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் தொழிற்சங்கங்களும் பெருந்தோட்டக் கம்பனிகளும் செய்திருந்த பழைய கூட்டு ஒப்பந்தம் முடிந்தது. புதியது 2016 ஒக்டோபரில்தான் கையொப்பமானது. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். வருகைக்கும் உற்பத்திக்கும் விலைக்கும் என்று சில்லறைகளைச் சேர்த்து 730 ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும், கொழுந்து குறைந்தாலும் அந்தச் சில்லறைகள் கைக்கு வராது. 2018 ஒக்டோபர் 24 அன்று கறுப்பு உடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்ட எங்கள் இளைஞர்களை எந்தத் தலைவரும் கூட்டிவரவில்லை. அவர்களாகவே வந்தார்கள். 2019 ஜனவரி 28 அன்று அடுத்த ஒப்பந்தம் வந்தது: அடிப்படை 700, விலைப் பங்கு 50.

அப்போதெல்லாம் எங்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். நாங்கள் சிறிய கட்சி, பெரிய கட்சிகள் இணங்காமல் எங்களால் என்ன செய்ய முடியும் என்றீர்கள். இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. காரணத்தை விரிவாகவே சொல்கிறோம்.

2018 ஒக்டோபர் 26 இரவு பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பதவி நீக்கப்பட்டார். ஏழு வாரங்கள் நாடு அரசாங்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. காங்கிரஸ் அவருடைய இடத்தில் பிரதமராக்கப்பட்ட மகிந்த ராஜபக்சவின் பக்கம் போய் அமைச்சுப் பதவி ஏற்றது. முற்போக்குக் கூட்டணி ரணிலோடு நின்றது. டிசம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தில் ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணைக்கு 117 வாக்குகள் கிடைத்தன. பெரும்பான்மைக்கு வேண்டியது 113. கூட்டணியின் 6 ஆசனங்களைக் கழித்தால் மிஞ்சுவது 111. அந்த 6 பேர் இல்லாமல் அந்த அரசாங்கம் எழுந்து நின்றிருக்க முடியாது. இரு பக்கமும் ஒவ்வொரு உறுப்பினருக்காகவும் அலைந்த நாட்கள் அவை. அதே டிசம்பரில் எங்கள் பெண்கள் கூடையை வைத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஒரு சிறிய கட்சிக்கு இதைவிடப் பெரிய பேரம் பேசும் பலம் எந்த நாளில் வரும்? ரணில் டிசம்பர் 16 அன்று மீண்டும் பதவியேற்றார். ஆறு வாரம் கழித்து எங்களுக்கு வந்தது 700 ரூபாய். சனநாயகத்தைக் காத்தோம் என்றீர்கள். காத்தீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் சம்பளத்தை ஏன் நிபந்தனையாக வைக்கவில்லை என்ற கேள்வி இன்றுவரை பதிலில்லாமல் கிடக்கிறது.

காங்கிரஸிடமும் இதே கேள்விதான். 2020 மார்ச் 1 முதல் 1,000 ரூபாய் என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அறிவித்தபோது நீங்கள் அமைச்சரவையில் இருந்தீர்கள். மார்ச் வந்தது, பணம் வரவில்லை. இன்னுமொரு ஆண்டு கழித்து, 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாயும் 100 ரூபாய்க் கொடுப்பனவுமாக வர்த்தமானி வெளியானது. 2015இல் 1,000 ரூபாய்க்கு 7 டொலருக்கு மேல் பெறுமதி இருந்தது. கைக்கு வந்தபோது அது ஏறக்குறைய 5 டொலர். அடுத்த ஆண்டே நாடு வங்குரோத்தாகி, கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் உங்கள் மேடையிலேயே 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில் அது 1,350 ஆகியது.

கம்பனிகளின் பிடிவாதத்தை நாங்கள் மறக்கவில்லை. அவற்றோடு போராடுவது எங்கள் அன்றாடம். ஆனால் கம்பனிகள் எங்களிடம் வாக்குக் கேட்டு வரவில்லை.

நீங்கள் செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறோம். லயன் காம்பிராவுக்குப் பதில் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கையும், 2018இல் வந்த புதிய கிராமங்கள் அதிகார சபைச் சட்டமும், தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் செலவிட இருந்த தடையை நீக்கிய திருத்தமும் உங்கள் உழைப்பால் வந்தவை. அதனால்தான் கோபம் கூடுகிறது. முடியும் என்று காட்டியவர்களிடம்தான் ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியும்.

ஆகவே கோருகிறோம்.

முதலாவது, எந்த அரசாங்கத்திலும் சேர்வதற்கு முன் நிபந்தனைகளை எழுதுங்கள். என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும், தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சேரப்போகும் பெரிய கட்சியின் தலைவரும் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாள் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தோட்டத்தின் பிரட்டுக்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். கொழும்பில் மூடிய அறையில் பேசி முடித்ததாகச் சொல்லப்படும் உடன்பாடு எதையும் நாங்கள் உடன்பாடாகக் கொள்ளமாட்டோம்.

திகதி கடந்தால் அமைச்சுப் பதவியை விடுங்கள். விடுவோம் என்ற அறிக்கை போதாது. 2019இல் அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்தோம், சம்பளத்துக்காக எவரும் பதவியை விட்டதாகப் பார்க்கவில்லை. அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் எங்கள் நிபந்தனையை முன்வைக்கச் சொல்கிறோம்.

தொழிற்சங்கத் தலைமையும் அமைச்சர் பதவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். எங்கள் சம்பளத்துக்காக மேசையின் ஒரு பக்கம் இருக்க வேண்டியவர், அமைச்சரவைக் கூட்டுப்பொறுப்பால் கட்டுப்பட்டு மறுபக்கமும் இருந்தால், எங்களுக்காக யார் பேசுவது? மாதா மாதம் எங்கள் சம்பளத்திலிருந்து சந்தா கழித்தீர்களே, அந்தப் பணத்தின் கணக்கையும் அங்கத்தவர்கள் முன் வையுங்கள்.

சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளம். 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதில் 200 ரூபாய் அரசு தரும் வருகைக் கொடுப்பனவு. எந்தக் கட்சி எந்தப் பக்கம் இருந்தாலும், அந்த 200ஐயும் அடிப்படையில் சேர்க்கவும், விலைவாசியோடு சம்பளம் உயரவும் வழி கேளுங்கள். சம்பளம் கூடும் போதெல்லாம் பறிக்க வேண்டிய கிலோ கூடுவதையும், குறைந்தால் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போடுவதையும் நிறுத்தாத எந்த உயர்வும் எங்கள் அடுப்புக்கு வந்து சேராது.

காணிக்கு உறுதிப்பத்திரம் வேண்டும். வீடு திறந்த படம் போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களைப் புதைத்தது. அபாயம் முன்பே தெரிந்திருந்தது, போக வேறு காணி இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் போது நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் மலைகள் மீண்டும் சரிந்தன. பாதுகாப்பான இடத்தில், எங்கள் பெயரில், குடும்பத்தில் பெண்ணின் பெயரும் சேர்த்து எழுதப்பட்ட காணி, உங்கள் நிபந்தனைத் தாளில் சம்பளத்துக்கு அடுத்த வரியாக இருக்க வேண்டும்.

தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பதும் மலையகப் பல்கலைக்கழகமும் பல தேர்தல்களாகச் சொல்லப்பட்டவை. அவற்றுக்கும் திகதி போடுங்கள்.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் உங்கள் இரு கட்சிகளும் மலையகப் பெண் ஒருவரையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதில்லை. 2024இல்தான் முதல்முறையாக இருவர் போனார்கள், அதுவும் வேறு கட்சியில். அந்தத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 உங்கள் இருவருக்கும் வெளியே போனது ஏன் என்று ஆராய்ந்திருப்பீர்கள். வேட்பாளர் பட்டியலில் பாதி பெண்களுக்கு வேண்டும், வெல்லக்கூடிய இடங்களில்.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் நீங்கள் வருவீர்கள். வேட்புமனுத் தாக்கலுக்கு முன், இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதி, கட்சித் தலைவர் கையொப்பமிட்டு, தோட்டத் தலைவர்கள் வழியாக அனுப்புங்கள். இல்லை என்று எழுதினால் காரணத்தையும் எழுதுங்கள், வாசிப்போம். எழுத்தில் பதில் தராத கட்சியின் கூட்டத்துக்கு எங்கள் தோட்டங்களில் இடம் இல்லை.